ரத்தம் எடுத்த நேரம் இல்லாத அறிக்கை: நாகர்கோவில் ஆய்வகச் சேவை பற்றி

நாகர்கோவிலில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றின் மூலம், பி.டி.என்.எஃப் எனப்படும் மூளை நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் அளவை நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டோம். ரத்தம் எடுக்க வந்த பெண்ணின் கைப்பக்குவத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரே குத்தில் எடுத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடிக் குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கி, உடனே ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். இந்தக் காரணியின் பெரும்பகுதி ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் தங்கியிருப்பதாலும், ரத்தம் உறையும்போது அது வெளியேறி, உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் திரவமான சீரத்தில் அளவைப் பல மடங்கு உயர்த்திவிடுவதாலும், எந்தக் குழாயில் எடுக்கிறார்கள் என்பது மிக முக்கியம்.

அறிக்கைதான் ஏமாற்றம் அளித்தது. ஆண்களின் பிளாஸ்மாவில், அதாவது உறையவிடாத ரத்தத்தின் திரவப் பகுதியில், இந்த அளவு காலையில் கூடுதலாகவும், பொழுது சாயச் சாயக் குறைந்தும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெண்களுக்கோ மாதவிடாய்ச் சுழற்சியின் முற்பாதியைவிட, கருமுட்டை வெளியான பிறகு வரும் பிற்பாதியில் அது உயர்ந்திருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, ரத்தம் எடுத்த நேரத்தைக் குறிக்காமல், சுழற்சி நாளைப் பற்றி என் மனைவியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், இருவருக்கும் ஒரே எல்லை அளவை அச்சிட்டு, எனக்கு மட்டும் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். என் ரத்தம் எடுக்கப்பட்டது மாலையில்.

வழக்கமான சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு இவர்களைத் தாராளமாக அழைக்கலாம். இந்தப் பரிசோதனைக்கு அழைப்பவர்கள் காலை நேரத்தையே கேட்டு வாங்கி, நேரத்தையும், பெண்களானால் சுழற்சி நாளையும் தாங்களே குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.