ரொட்டியா, ஃபேஸ்புக்கா, சங்கமா, ராணுவமா: அரபு எழுச்சிக்கு எந்த விளக்கம் பொருந்தும்?

2010 டிசம்பர் 17 அன்று துனீசியாவின் சிதி பூசித் ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅசீசி, அதிகாரிகளின் கெடுபிடி தாளாமல் தீக்குளித்தார். நான்கே வாரத்தில் அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். எகிப்து, சிரியா, பஹ்ரைன் என்று போராட்டம் பரவியது; அரபு எழுச்சி என்பது இதைத்தான். அரபு ஆட்சிகள் ஏன் அசையவே மாட்டேன் என்கின்றன என்று அதுவரை விளக்கிவந்த சமூக அறிவியலாளர்கள் பலர், எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

பொருளாதார விளக்கம் சட்டென்று மனதில் ஒட்டும்: பட்டம் படித்தும் வேலை இல்லை, கோதுமை விலை ஏறிவிட்டது. சரி, ஆனால் மொராக்கோவிலும் ஜோர்டானிலும் இளைஞர்களுக்கு வேலையில்லைதானே? அங்கே மன்னர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

ஊடகங்களுக்குப் பிடித்தது ஃபேஸ்புக் விளக்கம். ஆனால் எகிப்து அரசு இணையத்தைத் துண்டித்த 2011 ஜனவரி 28 அன்று போராட்டக் கூட்டம் பெருகத்தான் செய்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கிளம்பியவர்கள் கெய்ரோவின் கஸ்ர் அல்-நீல் பாலத்தில் கண்ணீர்ப்புகைக்கு நடுவே முன்னேறி, போலீசைப் பின்வாங்க வைத்தார்கள். செய்தி பரவ ஃபேஸ்புக் உதவியது, அவ்வளவுதான்.

எனக்கு வலுவாகப் படுவது, முந்தைய ஆண்டுகளின் போராட்டங்களைப் பார்க்கும் விளக்கம். 2008இல் துனீசியாவின் ரெதெயெஃப் சுரங்க நகரத்தில், பாஸ்பேட் நிறுவனத்தின் ஆளெடுப்பில் முறைகேடு என்று கிளம்பிய போராட்டம் மாதக்கணக்கில் நீடித்து ஒடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் எகிப்தின் மஹல்லா ஆலை நகரம் கொந்தளித்தது. சிதி பூசித்தில் பூஅசீசிக்காகத் தெருவில் இறங்கியவர்களோடு உள்ளூர்த் தொழிற்சங்கத்து ஆசிரியர்கள் நின்றார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்தத் துயரம் ஊரைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். சங்கமே இல்லாதவர்களையும் கணக்கில் சேர்த்தார் சமூகவியலாளர் ஆசெஃப் பயாத். நடைபாதையில் ஓர் இடம் பிடிக்க ஒரு வியாபாரி தினமும் நடத்தும் மல்லுக்கட்டும் அரசியல்தான் என்றார். பூஅசீசியின் வண்டியை வைத்துப் பார்த்தால் அதை மறுக்க முடியாது.

ஆனால் எழுச்சி எப்படி முடியும் என்பதற்கு இதில் பதில் இல்லை. அதற்கு ராணுவத்தைத்தான் பார்க்க வேண்டும். துனீசியாவில் அது பென் அலிக்காக மக்களைச் சுடவில்லை. சிரியாவில் சுட்டது. பஹ்ரைனில் மன்னராட்சியைக் காக்க சவூதிப் படையே வந்து இறங்கியது. சூடானில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த கூட்டமைப்பு முன்நின்று நடத்திய போராட்டத்தால் 2019 ஏப்ரலில் அதிபர் பஷீர் வீழ்ந்தார். அவரைப் பதவியிலிருந்து இறக்கிய ராணுவமே 2021 அக்டோபரில் ஆட்சியைப் பறித்துக்கொண்டது.