485 பவுண்ஸும் போய் பாம்புக்கு வயிற்றில் எரிகாயமும்: வயதான பாம்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

இரண்டு இரவாக ஒழுங்கான நித்திரை இல்லை, அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கி, பிறகு படிப்பு வேலை என்று பிள்ளை வெளிக்கிட, அம்மா அப்பாவின் கையில் வந்து நின்ற பாம்புகள் லண்டனில் எங்கள் வீடு ஒன்றில் மட்டும் இருக்காது. வயதான பாம்பை எப்படிப் பார்ப்பது என்று கடைசியில் வடிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ரஸ்டி ஒரு கோர்ன் ஸ்னேக். விஷம் கிடையாது, செம்மஞ்சள் நிறம். 2008இல் மகனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது பென்சில் தடிப்பில் குட்டியாக வந்தவன். இந்த இனம் நன்றாகப் பார்த்தால் இருபது வயதும் தாண்டும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மகன் இப்போது கிளாஸ்கோவில், அவனுடைய வாடகை வீட்டில் எந்தப் பிராணியும் வைத்திருக்க விடமாட்டார்கள். முதல் இரண்டு வருடம் அந்த அறைக்குள் போகவே பயந்த நான்தான் இப்போது பிரீசரிலிருந்து எலியை எடுத்து இளக வைத்துக் கொடுக்கிறேன். வயது போகப் போக ஏறிப் படுத்திருந்த கொப்பிலிருந்து இரண்டு தரம் விழுந்தான், அதனால் கொப்பைக் கீழே இறக்கி வைத்தோம். சட்டை ஒரே துண்டாகக் கழராமல் பிய்ந்து பிய்ந்து வருகிறது. சாப்பாட்டையும் சின்ன எலியாக மூன்று கிழமைக்கு ஒன்று என்று குறைத்தோம். இதெல்லாம் வயது, ஏற்றுக்கொண்டோம்.

பெரிய குளிர் வந்த கிழமை அவனுடைய ஹீற்றர் பழுதாகி நின்றதை நான் இரண்டு நாள் கவனிக்கவில்லை. அது என் பிழை, மறுக்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் வாயை அரைவாசி திறந்துகொண்டு, தலையை மேலே தூக்கிப் பிடித்தபடி இருக்கிறான், மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம், மூக்குத் துவாரத்தில் நுரை. பக்கத்து மிருக வைத்தியசாலையில் நாய் பூனை மட்டும்தான் பார்ப்பார்கள். பாம்பு பார்க்கிற இடத்தில் எட்டு நாள் கழித்துத்தான் நேரம் தந்தார்கள். அந்த எட்டு நாள் பயத்தில்தான் போய் விழுந்தேன்.

வீட்டுக்கே வந்து ஊர்வன பார்க்கும் வைத்தியர்களை ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லும் ஒரு இணையத்தளம். பெயர் எழுதவில்லை. இலக்கத்தைக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் போன் வந்தது. என் பெயரைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் தமிழிலேயே தொடங்கினான். "அன்ரி, யோசிக்காதீங்கோ, வாயைத் திறந்து மூச்சு விடுறாரா? தலையை மேல தூக்கி வைச்சிருக்கிறாரா?" என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்ல முதலே, என் கண்முன் இருந்ததை அவன் சொன்னான். பாம்பை 'அவர்' என்றான். இத்தனை வருடத்தில் எங்கள் ஆட்கள் யாரும் ரஸ்டியைப் பற்றி அருவருப்பில்லாமல் கதைத்ததில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் தம்பி தம்பி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடியோவில் ஒரு வைத்தியர், 48 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு ஒருவர், மருந்து, 'முதிய பாம்புப் பராமரிப்புப் பொதி', எல்லாம் சேர்த்து 540, பாங்க்கால் நேரடியாகப் போட்டால் 485. போட்டேன். அடுத்த நிமிடமே நன்றி அன்ரி என்று மெசேஜ் வந்தது.

வீடியோவில் பச்சை உடுப்புப் போட்ட ஒருவர் ஆறு நிமிடம் கதைத்தார். அவ்வளவுதான். வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பொதி வந்தது: ஒரு ஹீற் மாற் (கரண்டில் சூடாகும் விரிப்பு), லேபிள் இல்லாத ஒரு சின்னப் போத்தல், ஒரு சொட்டுக்குழாய். போத்தலில் என்ன என்று கேட்டதற்குப் பதில் இல்லை, நல்லவேளை நான் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஹீற் மாற்றைக் கூட்டுக்குள் மரப்பட்டைக்குக் கீழே விரித்து இரவு முழுக்கப் போட்டுவிடச் சொன்னார்கள், அதைச் செய்தேன். வெப்பத்தைக் கட்டுப்படுத்த தேர்மோஸ்டாட் வேண்டாமா என்று கேட்டேன், இது தானாகவே நிற்கும் என்றார்கள். காலையில் வயிற்றுச் செதில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்து கொப்பளித்திருந்தது. ஹீற் மாற்றில் சூடு அளந்தால் 47 பாகை! கோர்ன் ஸ்னேக்குக்குச் சூடான பக்கமே 30ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். கீழே சுட்டாலும் பாம்பு பல நேரம் விலகிப் போகாது, அதிலேயே கிடக்கும். குளிர்ந்து போய்ச் சூடு தேடின வயதான பாம்பு எங்கே விலகப் போகிறது.

பிறகுதான் இழுத்தடிப்புத் தொடங்கியது. தம்பியின் இலக்கத்துக்கு அடித்தால் மணி மட்டும் போகும். மெசேஜில் நீல அடையாளம் விழும், பதில் வராது. ஈமெயிலில் ஆங்கிலத்தில் வேறு வேறு பெயர்கள்: உங்கள் முறைப்பாட்டை மேலே அனுப்பியிருக்கிறோம், ஏழு வேலை நாட்கள் பொறுங்கள். ஏழு நாள் போனது. பொதியைத் திறந்துவிட்டீர்கள், திருப்பித் தர முடியாது. வீடியோ ஆலோசனை முடிந்துவிட்டது, அதற்கும் முடியாது. வீட்டுக்கு வராதவருக்கு? நாங்கள் இணைத்து மட்டும்தான் விடுவோம், அவர்கள் சுயாதீனமானவர்கள் என்றார்கள். எரிகாயப் படம் அனுப்பினேன், அதற்கு ஒரு வரிகூட இல்லை. 485 பவுண்ஸ், அதற்கு ஒரு மன்னிப்பும் கிடையாது.

பாங்க்கிலும் கேட்டேன். 2024 அக்டோபரிலிருந்து இப்படி ஏமாந்து அனுப்பிய காசைப் பாங்க் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு பொருளை அனுப்பியிருப்பதால் இது மோசடி இல்லை, உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பொதியை எதற்கு அனுப்பினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

எட்டாம் நாள் உண்மையான வைத்தியர் எக்ஸ்ரே எடுத்து, நுரையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நிமோனியா. பாம்புக்கு எங்களைப்போல் உதரவிதானம் இல்லை, சளியை இருமித் துப்ப முடியாது, வேலை செய்கிற நுரையீரலும் கிட்டத்தட்ட வலப்பக்கம் ஒன்றுதான் என்று படத்தில் காட்டினார். அந்தப் பச்சை உடுப்புக்காரரின் பெயரைச் சொன்னேன். அவர் அங்கேயே மிருக வைத்தியர்களின் பதிவேட்டில் தேடிக் காட்டினார், அப்படி ஒரு பெயரே இல்லை. இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல்தான் 485 பவுண்ஸை அனுப்பினேன்.

வடிவாக எழுதுகிறேன் என்றேன், நேரம் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ரோயல் காலேஜ் ஒஃப் வெட்டரினரி சேர்ஜன்ஸின் அந்த மிருக வைத்தியர் பதிவேட்டில் பெயரைத் தேடாமல் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், பார்ப்பது இலவசம். பாங்க்கால் நேரடியாக அனுப்ப வேண்டாம். கிரெடிட் காட்டில் கட்டினால் 100 பவுண்ஸுக்கு மேல் 30,000 வரையான பொருளுக்குக் காட் நிறுவனத்திடமும் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேர்மோஸ்டாட் இல்லாத எந்தச் சூடும் பாம்பிடம் போக வேண்டாம். வாய் திறந்து மூச்சு விட்டால் நாட்டு மருந்தோ வற்புறுத்திச் சாப்பாடோ வேண்டாம், சரியான வைத்தியர். பாம்பு பார்ப்பவர் யார் என்று அது சுகமாக இருக்கும்போதே தேடி எழுதி வையுங்கள்.

ரஸ்டிக்கு 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி. அளந்து நிரப்பின சிரிஞ்சுகள் பிரீசரில் இருக்கின்றன, இன்றைக்கு மூன்றாவது. மரப்பட்டையை எடுத்துவிட்டு வெள்ளைப் பேப்பர் விரித்திருக்கிறோம், காயத்துக்குக் களிம்பு. மகன் கிளாஸ்கோவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, நான் பிடிப்பேன், இவர் போடுவார். எட்டு மணியாகிறது, சிரிஞ்சை எடுத்து இளக வைக்க வேண்டும்.