தொண்டையில வால்வா, கையில மெஷினா? பராமரிப்பையும் பாருங்க

குரல்வளைய முழுசா எடுத்துட்டா திரும்ப பேச மூணு வழி இருக்கு. கழுத்துல அழுத்தி பேசற எலக்ட்ரோலேரிங்ஸ் மெஷின், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஓட்ட போட்டு வைக்கிற சிலிகான் வால்வு, அப்புறம் காத்த உணவுக்குழாய்க்குள்ள இழுத்து ஏப்பம் மாதிரி விட்டு பேசறது. எங்க வீட்டுக்காரரு மெஷின்தான் எடுத்தாரு, அதனால நான் அந்தப் பக்கம்தான் பேசுவேன்.

குரல் மட்டும் பாத்தா வால்வுதான், அதுல சந்தேகமே இல்ல. நுரையீரல் காத்துலயே பேசறதால ஏத்தம் இறக்கம் வரும், ஒரே மூச்சுல நீளமா பேசலாம். மெஷின்ல ரோபோ மாதிரி ஒரே சுருதி, ஹ வராது, ஹலோ சொன்னா அலோன்னுதான் கேக்கும் (நம்ம ஆளுங்க பாதி பேரு அப்படித்தான் சொல்றாங்க, விடுங்க).

ஆனா வால்வ வச்சதோட வேல முடியாது. தினம் பிரஷ் விட்டு கழுவணும், அதுல பூஞ்சை புடிக்கும், கொஞ்ச மாசத்துலயே வால்வு கசிய ஆரம்பிச்சு குடிக்கற தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள எறங்கி இருமல் வரும், அப்ப ஆஸ்பத்திரி போய் மாத்தணும். வால்வு கழண்டு விழுந்துட்டா இன்னும் அவசரம், ஓட்ட சீக்கிரமே மூடிக்க பாக்கும். நாங்க இருக்கறது பினாங்குல பாலிக் பூலாவ், டவுனுக்கு மலை ரோடு. தைப்பூசத்தன்னைக்கு கசிஞ்சா தண்ணீர்மலை முருகன் கோயில் நெரிசல்ல நெனச்சு பாருங்க. இவருக்கு சக்கரையில கண்ணு வேற மங்கல், கண்ணாடிய பாத்து பிரஷ் விட முடியாது, நான் பாயான் லெப்பாஸ் பேக்டரியில ஷிப்ட்டு பாக்கறவ.

மெஷினுக்கு பேட்டரி சார்ஜ் போட்டா போதும், கழுத்துல அழுத்தற மெஷின் தலைய தொடச்சு வச்சா ஆச்சு. எப்பவும் ஒரு கை அதுக்கே போயிடும்ங்கறது தொல்லைதான், வால்வுலயும் மூச்சு விடறதுக்கு கழுத்துல வச்சிருக்கற ஓட்டைய பெரும்பாலும் விரலால மூடித்தான் பேசணும். பசார் சத்தத்துல மெஷின் குரல் எடுபடாது. ரேடியேஷன் வாங்கி கழுத்து கெட்டியா போனவங்களுக்கு சத்தம் உள்ள போகாது, கன்னத்துல வச்சு பாக்கணும், இல்லன்னா வாயில விடற சின்ன ட்யூப் மாட்டணும்.

ஏப்பப் பேச்சுக்கு கருவியே வேணாம், காசும் மிச்சம், ஆனா பழக மாசக்கணக்கா ஆகும், எல்லாருக்கும் வராது. நான் கிட்ட இருந்து பாத்ததில்ல, அதனால இதோட நிறுத்திக்கறேன்.

ஆஸ்பத்திரி கிட்டயே வீடு, கண்ணும் கையும் நல்லா இருக்கு, நாள் பூரா பேசற வேலன்னா வால்வே எடுங்க. இப்ப மெஷின் எடுத்தாலும் ஒடம்பு ஒத்துழைச்சா பின்னாடி வால்வு வச்சுக்கலாம். மெஷின் வாங்கறதுன்னா ஸ்பீச் தெரப்பிஸ்ட் முன்னாடி உங்க கழுத்துல வச்சு பாத்துட்டு காசு குடுங்க.