ஈர உடம்பும் எதிர்க்காற்றும்: உடை மாற்றுவதா, மேலே ஜாக்கெட் போடுவதா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் குளிர்நாட்டு டிரையத்லான் போட்டிக்குத் தயாராகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நீச்சலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தண்ணீருக்குள் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உடை பெரும்பாலும் காப்பாற்றிவிடும். உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகும். ரப்பருக்குள் இருக்கும் நுண்குமிழிகள் அந்தச் சூட்டை வெளியே விடாது. கரையேறி அதைக் கழற்றிவிட்டுச் சைக்கிளில் ஏறும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

இதை உணர நார்வே வரை போக வேண்டாம். ஆடி மாதத்தில் ஒரு மணி நேரம் குளத்தில் நீந்திவிட்டு, ஈர உடையோடு நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக முப்பந்தல் வரை மிதித்துப் பாருங்கள். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், குளிரே தெரியாது. காற்றாலைகளுக்கு நடுவே வண்டியைத் திருப்பியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் அறையும். நம் ஊர் வெப்பத்திலேயே எனக்கு அங்கே பல் தந்தியடித்திருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் கொண்டுபோகிறது. காற்று அதை இன்னும் வேகமாக்குகிறது.

அந்தச் சாலையில் இரண்டு முறைகளையும் மாறிமாறிச் செய்து பார்த்தேன்.

ஈர உடைமேல் ஜாக்கெட் போடுவது வேகமானது. காற்றும் நெஞ்சில் படாது. ஆனால் ஈரக் கையில் ஜாக்கெட் கை முழங்கையிலேயே ஒட்டிக்கொள்ளும். விறைத்த விரலுக்கு ஜிப்பின் சிறு நாக்கு அகப்படாது. நான் அதில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கயிற்று வளையம் கட்டியிருக்கிறேன். அதன்பிறகுதான் ஓடும் வண்டியிலேயே ஜிப்பை ஏற்றி இறக்க முடிகிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சைக்கிள் பகுதிக்கு இது போதும்.

முழுதாக உடை மாற்றுவதில் சில நிமிடங்கள் போகும். நீண்ட போட்டியில் அந்த நிமிடங்களை நான் தயங்காமல் கொடுத்துவிடுவேன். நார்வேயில் 2003இல் தொடங்கிய நார்ஸ்மன் டிரையத்லான் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்து ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் கடல் நீரில், குதித்து 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள். அதன் தொடக்கமே கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஹார்டாங்கர்விட்டா பீடபூமிக்கு ஏறும் ஏற்றம். ஏறும்போது வேர்க்கும், மேலே போனதும் அந்த வேர்வையே குளிரடிக்கும். நீச்சலின் ஈரமும் அதோடு சேர்ந்தால் உடல் தாங்காது. கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடலின் உட்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், நடுக்கம் வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. துவர்த்தால் தலையையும் மார்பையும் முதலில் துடைத்து, உலர்ந்த கம்பளி உள்ளுடையைப் போட்டு, அதன்மேல் ஜாக்கெட் அணியுங்கள். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். அது வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் கிடக்கும்.

சைக்கிள்காரர்கள் நெஞ்சுக்குள் செய்தித்தாள் செருகும் பழைய வழக்கம் உலர்ந்த உடையில் நன்றாக வேலை செய்கிறது. ஈர உடையில் பத்து நிமிடத்தில் கூழாகிவிட்டது.

கையுறை விஷயத்தில் விரல் விரலாகப் பிரிந்தது ஈரக் கைக்குள் ஏறாது. நான்கு விரலும் ஒன்றாக நுழையும் தளர்வான உறையை வாங்குங்கள். எதை அணிந்தாலும் ஹெல்மெட் வாரை முதலில் மாட்டிவிடுங்கள். விரல் மரத்தபின் அந்தக் கொக்கியோடு போராடியே நான் ஒருமுறை ஐந்து நிமிடம் இழந்தேன்.