ரசிகர் நடத்தும் யூ-கி-ஓ தளங்களில் 'நன்கொடை' கட்டுவதற்கு முன்

யூ-கி-ஓ அட்டை விளையாட்டை இணையத்தில் ஆடுவதற்கென்று ரசிகர்கள் சிலர் நடத்தும் ஒரு தளம், ஆதரவாளர் கட்டணம் என்றும் போட்டி நுழைவுக் கட்டணம் என்றும் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்டதும் என் கணக்கை முடக்கிவிட்டது. தளத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டவர்கள் மறுபடியும் மாற்றுவார்கள் என்பதால், பெயரைக் காட்டிலும் அவர்கள் பணம் பறிக்கும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

ரசிகர் தளங்கள் எல்லாமே மோசடி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2011இல் தொடங்கி 2016இல், இந்த விளையாட்டை வெளியிடும் கொனாமி நிறுவனத்தின் சட்டக் கடிதத்தால் மூடப்பட்ட டூயலிங் நெட்வொர்க் என்ற ரசிகர் தளத்தில் ஆடித்தான் என் வயதுக்காரர் பலர் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார்கள். கொனாமி 2022 ஜனவரியில் மாஸ்டர் டூயல் என்ற தன் சொந்த இணைய விளையாட்டை இலவசமாக வெளியிட்ட பிறகும் ரசிகர் தளங்களுக்குத் தேவை இருக்கிறது. மாஸ்டர் டூயலின் தரவரிசையில் ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடும். இங்கே ரொறன்ரோவில் கடைகளில் நடக்கும் போட்டிகளிலோ மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும், ஆட்டங்களுக்கு இடையில் 15 அட்டைகள் வரை கொண்ட சைடு டெக் எனப்படும் மாற்று அட்டைக் கட்டிலிருந்து அட்டைகளை மாற்றிக்கொள்ளவும் முடியும். அதற்குப் பயிற்சி எடுக்கவும், விலை கொடுத்து வாங்குவதற்கு முன் ஒரு டெக்கைச் சோதித்துப் பார்க்கவும் இத்தகைய தளங்களைத்தான் நாடுகிறோம்.

நான் ஏமாற்றப்பட்ட தளம் கையால் ஆடும் வகையைச் சேர்ந்தது. அதாவது, விதிகளைக் கணினி சரிபார்க்காது. அட்டையை இழுத்து வைப்பது, 8000 உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழிப்பது எல்லாவற்றையும் ஆடுபவர்களே செய்ய வேண்டும். தகராறு வந்தால் நடுவரை அழைக்க ஒரு பொத்தான் இருக்கும். நடுவர் சொல்வதே முடிவு என்பதால், நடுவர்களை நியமிப்பவர்கள் நேர்மையாக இல்லாவிட்டால் அந்தத் தளத்தில் ஆடுபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

தொடக்கத்தில் எல்லாம் இலவசமாகவே இருந்தன. ஆட்கள் சேர்ந்த பிறகு, தரவரிசை அறைகள் ஆதரவாளர்களுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். 40 டொலர் கட்டினால் வாழ்நாள் முழுவதும் ஆடலாம் என்றார்கள், கட்டினேன். பின்னர் மாதாந்தரப் போட்டி வந்தது. அதற்கு நுழைவுக் கட்டணம் 15 டொலர், முதற்பரிசாக முத்திரை பிரிக்காத பூஸ்டர் பெட்டி (அட்டைப் பொதிகள் அடங்கியது) ஒன்று அஞ்சலில் வரும் என்று எழுதியிருந்தார்கள். வாழ்நாள் கட்டணத்தை பேபாலின் நன்கொடைப் பொத்தான் வழியாகவும், நுழைவுக் கட்டணத்தை 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வகையிலும் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். தளச் செலவைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள்.

அரையிறுதியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளையாட்டை அறிந்த எவருக்கும் அதிலேயே உண்மை விளங்கிவிடும். டெக்கிலிருந்து ஓர் அட்டையைக் கைக்கு எடுக்கும் விளைவை நான் இயக்கினேன். எதிராளி தன் கையிலிருந்த ஆஷ் பிளாசம் என்ற அட்டையைக் கழித்து அதை முறியடித்தார். அது அவருடைய உரிமை. என்னுடைய அதே முறை (turn) முடிவதற்குள் நான் இன்னோர் அட்டையால் மறுபடியும் தேட முயன்றபோது, அவர் இரண்டாவது ஆஷ் பிளாசத்தைக் கழித்து அதையும் முறியடித்தார். ஒரு முறைக்கு ஒரு தடவை மட்டுமே அந்த விளைவைப் பயன்படுத்தலாம் என்று அட்டையின் கடைசி வரியிலேயே அச்சிட்டிருக்கிறது. கையில் எத்தனை பிரதிகள் இருந்தாலும் அதுதான் விதி. நடுவரை அழைத்தேன். இரண்டு பிரதிகள் இருந்தால் இரண்டு தடவை பயன்படுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னார். அட்டையின் வாசகத்தை அப்படியே அரட்டைப் பெட்டியில் ஒட்டியதும், நேரத்தை வீணடித்ததாகக் கூறி ஆட்டத்தை எதிராளிக்கு வழங்கினார். பின்னர் தளத்தின் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அந்த எதிராளியின் புனைபெயரும் அதில் இருந்தது. பரிசுக்காக ஆடும் போட்டியில் நிர்வாகியே பங்கெடுத்து, அவருடைய சக நிர்வாகியே நடுவராகவும் இருந்திருக்கிறார்.

நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். நன்கொடைகள் திருப்பித் தரப்பட மாட்டா என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நடுவரை அவமதித்ததாக அன்றிரவே கணக்கை முடக்கினார்கள். வாழ்நாள் கட்டணமும், நான் சேமித்து வைத்திருந்த டெக் பட்டியல்களும், அந்த ஆட்டத்தின் பதிவும் அதோடு போய்விட்டன. திரையைப் படம் பிடித்து வைத்திருந்ததால் மட்டுமே இவ்வளவையும் என்னால் உறுதியாக எழுத முடிகிறது.

பேபாலில் முறைப்பாடு செய்தபோதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம் முழுவதும் புலப்பட்டது. நன்கொடையாக அனுப்பும் பணத்துக்கும், நண்பர்களுக்கு அனுப்புவதாகக் குறிக்கும் பணத்துக்கும் அவர்களுடைய வாங்குவோர் பாதுகாப்பு பொருந்தாது. ஆகவே போட்டிக்கோ சேவைக்கோ கட்டணம் கேட்கும் ஒருவர் இந்த இரண்டு வகைகளில் ஒன்றை வலியுறுத்தினால், பணம் திரும்பிப் போகும் வழியை முன்கூட்டியே அடைத்து வைக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். கொனாமியிடம் முறையிடவும் இடமில்லை. அந்தத் தளம் அவர்கள் அனுமதியோடு நடப்பதில்லை. கடிதம் ஒன்று வந்தால் நாளையே மூட வேண்டிய தளம் எப்படி 'வாழ்நாள்' சேவையை விற்க முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இப்போது கடனட்டை வங்கியிடம் அந்தக் கொடுப்பனவுகளை மறுத்து விண்ணப்பித்திருக்கிறேன். கனடிய மோசடி எதிர்ப்பு மையத்திலும் பதிவு செய்திருக்கிறேன்.

இதே முறையில் பணம் இழந்தவர்கள் இருந்தால், வங்கியில் மறுப்புத் தெரிவிக்கக் காலக்கெடு உண்டு என்பதால் காத்திருக்க வேண்டாம். விளம்பரத்தில் என்ன வாக்குறுதி இருந்தது என்பதைக் காட்டும் படங்களையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். பணத்துக்கு ஈடாக ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள் என்பதற்கு அவையே சான்று. இன்னும் அத்தகைய தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள், நிர்வாகிகளிடம் எதையும் கேட்பதற்கு முன்பாகவே தங்கள் டெக் பட்டியல்களையும் ஆட்டப் பதிவுகளையும் கட்டணப் பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு முடங்கிய பிறகு அவற்றில் எதுவும் கைக்கு வராது.