58,500 ரூபா போச்சு, பழுது போகலை: பழைய கார் வைத்திருப்பவர்களே கவனம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாத காருக்கு, பெட்டரி விற்று வயரிங் வேலையும் பார்க்கிற டவுன் கடை ஒன்று அப்பாவிடம் 58,500 ரூபா வாங்கியிருக்கிறது. உண்மையான பழுது, டிக்கிக்குள் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்த 5 வாட் பல்ப். இதைக் கண்டுபிடிக்கும் முறையையும் கீழே எழுதுகிறேன்.

கார் தொண்ணூறுகளின் கொரொல்லா. 35 ஆம்பியர்-அவர் (Ah) பெட்டரி. வாரத்தில் பாதி நாள் ஷெட்டில்தான் நிற்கும்.

கடைக்காரர் அப்பாவை உட்கார வைத்து, "ஐயா, நான் சொல்றத நம்ப வேணாம், மெஷின்ல போட்டு உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன்" என்றிருக்கிறார். பெட்டரியின் பலத்தைப் பார்க்கும் லோட் டெஸ்டரின் இரண்டு கிளிப்பையும் மாட்டி சுவிட்சை அழுத்தியதும் முள் நேராகச் சிவப்புக்குப் போயிருக்கிறது. "செல் போயிருச்சு ஐயா." ஊழியர் சேமலாப நிதியில் வந்த காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார் அப்பா. கண் முன்னாலேயே காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அது சோதனையே இல்லை. லோட் டெஸ்ட் போடும் முன் பெட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு, 12.6 வோல்ட் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பில்லின் பின்பக்கத்தில் அந்த ஆளே பேனாவால் 11.9 என்று எழுதியிருக்கிறார்! அந்த அளவுக்கு இறங்கியிருந்தால் கடையில் இருக்கும் புத்தம் புது பெட்டரியை மாட்டினாலும் முள் சிவப்புக்குத்தான் போகும். இது தெரியாமல் ஒருவர் பெட்டரிக் கடை நடத்த முடியாது. புதுசுக்கு 28,000.

சில நாளில் திரும்பவும் அதே கதை. இந்த முறை, எஞ்சின் ஓடும்போது பெட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் அல்டர்னேட்டர் மேல் பழி. மெதுவாக ஓடும் எஞ்சினில் ஹெட்லைட்டையும் போட்டு, 13.3 தான் வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். இறங்கிப்போன பெட்டரி கரண்டை இழுக்கும்போது ஆரம்பத்தில் அப்படித்தான் காட்டும். சார்ஜ் ஏற்றிய பெட்டரியை வைத்து, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பார்த்தால் 13.8க்கும் 14.4க்கும் இடையில் வருகிறதா என்பதுதான் கேள்வி. அல்டர்னேட்டர் டையோட் லீக் ஆகியும் பெட்டரி இறங்கும், உண்மை. அதற்கு எஞ்சினை நிறுத்திவிட்டு, பெட்டரி நெகட்டிவையும் கழற்றிவிட்டு, அல்டர்னேட்டரின் தடித்த வயரை அவிழ்த்துக் காப்பிட்டு வைத்து, நெகட்டிவை மட்டும் மீட்டர் வழியாகத் திரும்ப இணைத்தால் கரண்ட் இழுவை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யவே இல்லை. ரீகண்டிஷன் அல்டர்னேட்டர் 24,000, கூலி 6,500. மொத்தம் 58,500.

பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் "மலைக் குளிர் ஐயா, அப்படித்தான்". குளிரில் பெட்டரியின் பலம் குறையும், எஞ்சின் ஒயில் கெட்டியாகும், ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படும். ஆனால் குளிர் பெட்டரியைக் குடிக்காது. சும்மா இருக்கும் பெட்டரி தானாக இறங்குவது குளிரில் குறையத்தான் செய்யும். அடுத்தது, "தினம் அரை மணி நேரம் ஸ்டார்ட்ல விடுங்க". அந்தப் பல்ப் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் தின்கிறது. ஷெட்டில் அரை மணி நேரம் உறுமவிட்டால் அது திரும்பி வராது, பெட்ரோல்தான் வீண். பிறகு "பாஸ் ஊருக்குப் போயிட்டார்". கடைசியில் வொரண்டி கார்டை நீட்டி, சார்ஜ் இறங்கினதுக்கு வொரண்டி இல்லையாம்.

லீவில் வீட்டுக்குப் போய் நான் மல்டிமீட்டரை எடுத்தேன். சாவியை எடுத்து, கதவு, டிக்கி எல்லாம் மூடி, பெட்டரி நெகட்டிவைக் கழற்றி, கேபிளுக்கும் பெட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் தொடராகப் போட்டால் 0.45 ஆம்பியர். இந்த வயசு கார் 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். கூரை விளக்கின் சுவிட்சை ஓஃபில் வைத்துவிட்டு பியூஸை ஒவ்வொன்றாக உருவினேன். டிக்கி விளக்குக்கும் ரேடியோ மெமரிக்கும் போகிற பியூஸைக் கழற்றியதும் 0.01க்கு விழுந்தது. பியூஸைத் திரும்பப் போட்டு, போனை வீடியோவில் வைத்து டிக்கிக்குள் விட்டு மூடினேன். மூடியை அடைத்த பிறகும் வீடியோ முழுக்க வெளிச்சம். தொட்டுப் பார்த்தால் விளக்கின் மூடி சுடுகிறது. டிக்கி லொக்கில் இருக்கிற சின்ன சுவிட்ச் ஈரத்தில் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. பல்பைக் கழற்றினேன், பெட்டரி இறங்குவது நின்றது. 58,500 ரூபா வாங்கிய கடையில் ஒருவர்கூட மீட்டரைத் தொடராகப் போட்டுப் பார்க்கவில்லை.

பலமுறை அடிவரை இறங்கினதில் புது பெட்டரியும் பாதி கெட்டுவிட்டது. தட்டில் சல்பேட் படிந்தால் பழைய பலம் வராது.

முறையை வரிசையாக எழுத நினைத்தேன், கோபத்தில் முடியவில்லை. இதை மட்டும் மறக்காதீர்கள். மீட்டரைத் தொடராகப் போட்டிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஹெட்லைட் போடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும். புதிய கார், ஹைபிரிட் என்றால் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், அதுவரை அளவை நம்பாதீர்கள். பிறகு மாட்டிய ரேடியோ செட், அலாரம் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். செட்டின் சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் ஒன்றாக முறுக்கி விட்டிருந்தால், சாவியை எடுத்த பிறகும் செட் முழுதாக அணையாது. நிறுத்தி வைத்த காரில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து காட்டாத கடையில் பெட்டரி வாங்காதீர்கள்.

கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள். பழைய பெட்டரியின் ஈயத்துக்கே காசு இருக்கிறது. எங்கள் பழைய பெட்டரியையும் நல்ல அல்டர்னேட்டரையும் கேட்டதற்கு, "அது எப்பவோ இரும்புக்குப் போட்டாச்சே" என்கிறார்கள்.