வாடகைக்கு விட முதல் சொத்து: ஃப்ளாட்டா, போர்ஷன் வீடா?

சென்னையில் வாடகை வருமானத்துக்காக முதல் சொத்து வாங்குபவர்களுக்கு ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு ஃப்ளாட், தாம்பரம் தாண்டி மாடி போர்ஷனோடு ஒரு தனி வீடு என இரண்டு வழி.

ஃப்ளாட்டில் தலைவலி குறைவு. தண்ணீர், லிஃப்ட், காவல் எல்லாம் ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு. ஐடி வேலைக்கு வருபவர்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் ஆள் இல்லாத மாதத்திலும் பராமரிப்புக் கட்டணம் உங்கள் தலையில். கட்டடம் பழசாகும்போது கையில் நிற்பது யுடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்குதான். பத்திரத்தில் அது எத்தனை சதுர அடி என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டடத்தில் மாடிகள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் வரும் மண் குறையும்.

போர்ஷன் வீட்டில் மண் முழுக்க உங்களுடையது. கீழ்வீடு காலியானாலும் மாடி வாடகை வரும். தனித்தனி இபி மீட்டர் அவசியம், இல்லாவிட்டால் மாதாமாதம் சண்டை. மோட்டார், சம்ப், ஒழுகும் மாடி எல்லாவற்றுக்கும் நீங்களே ஓட வேண்டும்.

எதுவானாலும் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்.

உள்ளூரில் இருப்பவருக்கு நான் போர்ஷன் வீட்டைத்தான் சொல்வேன். துபாயிலிருந்து கவனிப்பவருக்கு ஃப்ளாட்தான் சரி.